ஐம்பது பேர் பேசும் மொழி போனால் என்ன? (தாயப் பற்றி)

மார்ச் 3, மாலை 6.10 – காவிரிக்கரையான் கேட்டது

பப்புவா நியூ கினியில் 800-க்கும் மேற்பட்ட மொழிகள் என்று படித்தேன். பலவற்றைப் பேசுவோர் சில நூறு பேர். சிலவற்றுக்கு ஐம்பது பேர்கூட இல்லை. எழுத்து இல்லை, நூல் இல்லை, தடை செய்த அரசும் இல்லை. அப்படிப்பட்ட மொழி தானாக மறைவதற்கு இவ்வளவு ஒப்பாரி எதற்கு? சின்ன மொழி, வலு இல்லை, போகிறது. பப்புவா மொழிக் குடும்பம் பற்றித் தெரிந்தவர்கள் இருந்தால் மறுத்துப் பார்க்கலாம்.

மார்ச் 3, இரவு 11.40

நான் மொழியியலாளன் அல்லன், கணக்குப்பிள்ளை. 1994 முதல் 2003 வரை வேவாக் நகரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதினேன். கிழக்கு செப்பிக் மாகாணத்தின் தலைநகர் அது. தலைநகர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் கேட்கும்.

அந்த ஒன்பது ஆண்டுகளில் 'தாயப்' என்ற பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பிரிஸ்பேனுக்குக் குடிவந்து பல வருடம் கழித்து, டான் குலிக் என்ற மானிடவியலாளர் எழுதியதைப் படித்தபோதுதான் தெரிந்தது: எங்கள் மாகாணத்திலேயே, செப்பிக் ஆற்றங்கரையில், காப்புன் என்ற ஒரே ஒரு கிராமத்தில் மட்டும் பேசப்படும் மொழி அது. உலகத்தில் வேறெந்த மொழியோடும் அதற்கு உறவு நிறுவப்படவில்லை. பேசுவோர் தொண்ணூறு பேர்.

காவிரிக்கரையான் ஐயா, உங்கள் கேள்வியில் 'தானாக' என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. காப்புனில் குலிக் முப்பது ஆண்டுகளாகப் போய்ப் போய் உட்கார்ந்து பார்த்தது அந்தத் 'தானாக' எப்படி நடக்கிறது என்பதைத்தான். நாளை எழுதுகிறேன்.

மார்ச் 4, காலை 7.05

நேற்று எழுதியதில் இரண்டு தவறுகள். காப்புன் ஆற்றங்கரையில் இல்லை. செப்பிக், ராமு ஆகிய இரண்டு ஆறுகளின் கீழ்ப்பகுதிகளுக்கு நடுவே, சதுப்புக் காட்டுக்குள் இருக்கிறது. தொண்ணூறு என்பது 1980-களின் கணக்கு. அப்போது ஊரில் நூறு பேர் சொச்சம். பிறகு ஊர் ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருகியது, பேசுவோர் ஐம்பதுக்கும் கீழே போய்விட்டார்கள். ஊர் அழியவில்லை, கவனியுங்கள். மக்கள் பெருகப் பெருகத்தான் மொழி குறைந்தது.

மார்ச் 4, மதியம் 1.20

'பப்புவா மொழிக் குடும்பம்' என்று ஒன்று கிடையாது. அந்தத் தீவிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள மொழிகளில் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தை (மலாய் முதல் பசிபிக் தீவு மொழிகள் வரை அடங்கிய பெரிய குடும்பம்) சேராதவற்றையெல்லாம் ஒரு கூடையில் போட்டு ஒட்டிய சீட்டுதான் 'பப்புவா'. கடையில் 'இதர செலவுகள்' என்று ஒரு பத்தி வைத்திருப்போமே, அதுபோல. அந்தப் பத்திக்குள் பல குடும்பங்களும் இருக்கின்றன, தாயப் போன்ற தனிக்கட்டைகளும் இருக்கின்றன.

தனிக்கட்டையானதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள், எனக்குப் பிடித்தது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்திருந்தபோது, செப்பிக்-ராமு வடிநிலத்தின் தாழ்பகுதி ஓர் உள்நாட்டுக் கடலாக இருந்தது. காப்புன் இருக்கும் மேட்டுப்பகுதி அன்று ஒரு தீவு. கடல் பின்வாங்கி வண்டல் படிந்து சதுப்பாகி, புதிய நிலத்தில் வேறு வேறு மக்கள் வந்து குடியேறினார்கள். பழைய தீவில் இருந்தவர்களின் மொழி அப்படியே நின்றிருக்கலாம்.

முதன்முதலில் இதைக் குறித்துவைத்தவர் கேயார்க் ஹோல்ட்கர் என்ற ஜெர்மானியப் பாதிரியார். 1937-இல் போனார், சில மணி நேரம் இருந்தார், 125 சொற்களை எழுதிக்கொண்டு வந்து மறு ஆண்டு அச்சிட்டார். முழு இலக்கணமும் அகராதியும் வந்தது 2019-இல். குலிக்கும் ஏஞ்சலா டெரிலும் சேர்ந்து எழுதியது. நடுவே எண்பது ஆண்டுகள் போயிருக்கின்றன.

மார்ச் 4, மதியம் 1.50

தாயப் என்பது 'தாய்' என்பதிலிருந்து வந்திருக்குமா என்று கேட்டவருக்கு: வராது. குமரிக்கண்டத்தை இங்கே இறக்க வேண்டாம், சதுப்பு நிலம், தாங்காது.

மார்ச் 5, இரவு 10.15

சின்ன மொழி, அதனால் போகிறது என்ற வாதத்துக்கு வருகிறேன்.

தாயப் எப்போதுமே சின்ன மொழிதான். அந்த வட்டாரத்தில் பெரும்பாலான மொழிகள் அப்படித்தான். பழைய காலத்துக் காப்புன்காரர்கள் அக்கம்பக்கத்து ஊர்களின் மொழிகளில் இரண்டு மூன்றாவது பேசுவார்கள். அக்கம்பக்கத்தார் தாயப் கற்றுக்கொள்ள மெனக்கெட்டதில்லை. அது காப்புன்காரனின் அடையாளம், அவ்வளவுதான். இந்த நிலையில் மொழி தலைமுறை தலைமுறையாக நன்றாகவே இருந்தது. எண்ணிக்கை கொல்லும் என்றால் எப்போதோ கொன்றிருக்க வேண்டும்.

மாறியது எப்போது? முதல் உலகப் போர்க் காலத்தில் ஊரிலிருந்து இரண்டு ஆண்கள் ரபாவுலுக்கு அருகே கொகோபோவில் உள்ள கொப்பறைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய், சில ஆண்டுகள் கழித்துத் திரும்பினார்கள். கூடவே இரும்புக் கோடரி, துணி, பெட்டி என்று சாமான்கள் வந்தன. டோக் பிசினும் வந்தது. பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு உருவாகி, இன்று நாடு முழுக்கப் பொதுமொழியாகப் புழங்கும் மொழி அது. வெள்ளைக்காரர்களிடம் பேசுவதற்கான மொழி என்றுதான் ஊரார் அதை நினைத்தார்கள். அடுத்து வளர்ந்த பையன்கள் எல்லோரும் தோட்டத்துக்குப் போய்வந்தார்கள். டோக் பிசின் தெரியாத ஆண் ஆணே அல்லன் என்றாயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியருக்குப் பயந்து ஊரே காட்டுக்குள் ஓடியது. அங்கே நோயில் பெரியவர்கள் பலர் இறந்தார்கள். பிறகு கத்தோலிக்கத் திருமறை வந்தது, அதுவும் டோக் பிசினில். மெல்ல மெல்லப் பெண்களும் அந்த மொழியைக் கற்றார்கள்.

இதில் எதுவும் தாயப்பைக் கொல்லவில்லை. இன்னொரு மொழி கூடியது, அவ்வளவுதான். அவர்களுக்கு மொழி கூடுவது புதிதல்ல. ஆனால் 1986-87இல் குலிக் அங்கே தங்கியிருந்தபோது பத்து வயதுக்குக் கீழே ஒரு குழந்தைகூட வீட்டில் தாயப் பேசவில்லை.

பெற்றோரிடம் கேட்டிருக்கிறார். யாரும் 'நாங்கள் விட்டுவிட்டோம்' என்று சொல்லவில்லை. எல்லோரும் தாயப்பை மதிக்கிறார்கள், பிள்ளைகள் பேச வேண்டும் என்றும் விரும்புகிறார்கள். பிறகு ஏன் பேசவில்லை? பிள்ளைகள் பிடிவாதக்காரர்கள், டோக் பிசின்தான் வேண்டும் என்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய, என்கிறார்கள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். ஏனென்று பிறகு சொல்கிறேன், இல்லாவிட்டால் சொல்லவில்லை.

மார்ச் 6, காலை 6.30

குழந்தைகள் பிடிவாதக்காரர்கள் என்பதைச் சும்மா பேச்சுக்குச் சொல்வதாக எண்ண வேண்டாம். காப்புனில் அது ஒரு கொள்கை.

ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இரண்டு இருக்கின்றன. டோக் பிசினில் 'ஹெட்', 'சவே' என்பார்கள். ஹெட் என்றால் தலைக்கனம், வீம்பு, தன் இஷ்டம். சவே என்றால் விவரம், அடுத்தவர் மனம் அறிந்து நடப்பது. குழந்தை பிறக்கும்போது ஹெட் மட்டும்தான் இருக்கும். ஆகவே அது என்ன சத்தம் போட்டாலும் கோபமாகத்தான் போடுகிறது என்று கொள்வார்கள். குழந்தையின் முதல் சொல் என்று அவர்கள் சொல்வது 'ஒக்கி' – 'நான் கிளம்புகிறேன்' என்று பொருள். பால்குடிக் குழந்தை 'க்கி' என்று ஏதோ சொன்னால், பார், கிளம்புகிறேன் என்கிறது என்பாள் தாய். அதற்கடுத்த சொற்களும் அதே ரகம்: 'போதும், அலுத்துவிட்டது', 'நிறுத்து'. (நிறுத்து என்பதற்கான சொல் 'அயாத்தா'. நம்மூர் ஆத்தாவோடு முடிச்சுப் போடத் துடிக்கும் நண்பருக்கு மார்ச் 4 குறிப்பையே மறுபடி காட்டுகிறேன்.)

வேடிக்கை என்னவென்றால், இந்த முதல் சொற்கள் மூன்றும் தாயப் சொற்கள். குழந்தை தாயப்போடுதான் பிறக்கிறது என்பது அவர்கள் கணக்கு. வளர வளர சவே வரும், சவேயோடு டோக் பிசின் வரும். தாயப் என்பது ஹெட்டின் பக்கம். பெண்கள், பழைய காலம், காடு, வீம்பு. டோக் பிசின் என்பது சவேயின் பக்கம். ஆண்கள், சர்ச், வெளியூர், விவேகம். யாரும் உட்கார்ந்து இப்படி அட்டவணை போடவில்லை. ஆனால் தாய் குழந்தையிடம் தாயப்பில் ஒன்று சொல்கிறாள், அது கேட்கவில்லை. 'பிசாசு வருகிறது பார்' என்று மிரட்டுகிறாள், கேட்கவில்லை. உடனே அதையே டோக் பிசினில் சொல்கிறாள். புரிய வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் டோக் பிசின். ஒரு நாளைக்கு நூறு முறை.

தடை செய்த அரசு இல்லை என்றீர்களே ஐயா. உண்மைதான். இருந்திருந்தால் எதிர்க்க ஓர் ஆளாவது கிடைத்திருப்பான்.

மார்ச் 6, காலை 9.00

கடைசி வரியைப் படித்துப் பார்த்தேன். கொஞ்சம் மேடைப்பேச்சாகிவிட்டது. இருக்கட்டும்.

மார்ச் 7, இரவு 9.30

ஒருவர் காப்புனில் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டிருக்கிறார். இழைக்குச் சம்பந்தமில்லை என்று யாரும் வர வேண்டாம், இதை எழுதுவதில் எனக்கு ஆசை.

சேகோ. டோக் பிசினில் சாக்சாக். நம் கடைகளில் விற்கும் ஜவ்வரிசி பெரும்பாலும் சேலத்து மரவள்ளிக்கிழங்கு மாவு. இது அசல் சேகோ பனை. மரத்தை வெட்டிச் சாய்த்து, தண்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றை இடித்து, தண்ணீர் ஊற்றிப் பிசைந்து பிழிந்தால் அடியில் மாவு தங்கும். வேவாக் சந்தையில் அதை இலையில் கட்டிக் கட்டிகளாக விற்பார்கள், தொட்டால் ஈரச் சுண்ணாம்புபோல நறநறக்கும். கொதிநீரைக் கொட்டிக் குச்சிகளால் கிளறினால் ஒரு கணத்தில் பசையாக இறுகிவிடும். சுவை என்று ஒன்று இல்லை. முதல்முறை சாப்பிட்டபோது தொண்டையில் இறங்குகிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை.

ஆனால் பாக்கு! அங்கே புவாய் என்பார்கள். பச்சைப் பாக்கைப் பல்லாலேயே உரித்துக் கடித்து மெல்ல வேண்டும். வெற்றிலை கிடையாது, அதே கொடியினத்தின் நீளமான காயை, டாக்கா, சுண்ணாம்பில் தொட்டுத் தொட்டுக் கடிப்பார்கள். சுண்ணாம்பு கம்பாங். கும்பகோணத்து வெற்றிலையில் வளர்ந்த நான் முதல் நாள் சுண்ணாம்பு அதிகமாகி நாக்கு வெந்து, இரண்டு நாள் கணக்கைச் சைகையிலேயே நடத்தினேன்.

எங்கள் கடையில் காசாளராக இருந்த ஒரு பெண்மணி, செப்பிக் ஆற்றங்கரை ஊர்க்காரர் (காப்புன் அல்ல), அன்று எனக்கு வைத்தியம் பார்த்தார். அவர் சந்தையில் தம் ஊர்ப் பாட்டிகளைப் பார்த்தால் அவர்கள் மொழியில் அரை மணி நேரம் பேசுவார். பக்கத்தில் நிற்கும் தம் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினால் டோக் பிசின். ஏன் என்று கேட்டேன். 'ஓல் இ பிக்ஹெட்' என்றார். பிடிவாதம் பிடித்தவர்கள். நான் சிரித்துவிட்டு ரசீதுக்குத் திரும்பினேன். குலிக்கைப் படிக்கும்வரை அந்தச் சொல் என் காதில் சும்மா கிடந்தது.

மார்ச் 8, மாலை 5.45

பெண்கள் பக்கம் தாயப் என்று எழுதினேன், அதில் விட்டுப்போன ஒன்று: 'கிரோஸ்'. ஊரில் ஒரு பெண்ணுக்குக் கோபம் வந்தால் தன் வீட்டுக்குள் இருந்தபடியே ஊர் முழுக்கக் கேட்க வசைபாடுவாள். எதிராளி பதில் சொல்லக் கூடாது, மற்றவர்கள் கேட்க வேண்டும். குலிக் இவற்றை ஒலிப்பதிவு செய்து சொல் சொல்லாக எழுதியிருக்கிறார். இங்கே ஒரு வரிகூடத் தர முடியாது, மட்டுறுத்துநர் என்னைத் தூக்கிவிடுவார்.

ஆண்கள் என்ன செய்வார்கள்? ஆண்கள் மன்றத்தில் உட்கார்ந்து டோக் பிசினில் இதமாகப் பேசி, 'பெண்களுக்கு ஹெட் அதிகம்' என்று ஒருமனதாக முடிவு செய்வார்கள். ஆக, வசை வளமாக இருந்த மொழி வீம்பின் மொழி ஆகிவிட்டது. பெண்கள் வாய்விட்டுத் திட்டியதுதான் தாயப்பை இவ்வளவு நாள் தாங்கியது என்று சொன்னால் மிகையாகுமா? மிகைதான். ஆனாலும் பாதி நம்புகிறேன்.

மார்ச் 8, இரவு 8.10

இலக்கணம் கேட்ட தம்பிக்கு: பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால் உண்டு. உயிரற்றவற்றுக்கும் உண்டு. நீண்டு மெலிந்தது ஆண்பால், குட்டையாக உருண்டது பெண்பால். பால் தெரியாவிட்டால் பெண்பால்தான் பொது. வினைச்சொல்தான் யானை; எழுவாய், செயப்படுபொருள், நடந்ததா நடக்கவில்லையா எல்லாம் அதற்குள்ளேயே ஏறி, சில இடங்களில் ஒரே செய்திக்கான உறுப்பு வினையின் இரண்டு பக்கமும் பிளந்து நிற்கும். அஃறிணைக்கு ஆண்பால் பெண்பால் வைக்காமல் தப்பித்த நம் இலக்கணக்காரர்களை நினைத்து ஒரு கும்பிடு.

மார்ச் 9, காலை 10.30

காவிரிக்கரையான் ஐயாவின் பதிலைப் பார்த்தேன். 'அப்படியானால் தாய்மார்கள்தான் குற்றவாளிகள் என்கிறீர்களா?' இல்லை. நான் எழுதிய விதம் அப்படி ஒலிக்கிறது என்றால் என் தவறு. தந்தைகளும் அதேதான் செய்கிறார்கள், பிள்ளையிடம் குறைந்த நேரம் இருப்பதால் குறைவாகச் செய்கிறார்கள். பள்ளிக்கூடத்தைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் கற்பித்தது ஆங்கிலம், குழந்தைகள் மாறியதோ டோக் பிசினுக்கு.

ஒன்றைத் திருத்த வேண்டும். ஆய்வாளர் போய் உட்கார்ந்து பார்த்தார் என்று ஏதோ திண்ணையில் உட்கார்ந்ததுபோல எழுதிவிட்டேன். அவரைச் செத்துப்போய் வெள்ளைத்தோலோடு திரும்பிவந்த தங்கள் ஆள் என்று ஊரார் நம்பினார்கள். 1991-இல் அவரிடம் பணம் இருக்கும் என்று நினைத்து வந்த கொள்ளையர்களால் ஊர்க்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். அதன்பின் பல ஆண்டுகள் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு மொழியை எழுதிவைக்க ஓர் ஊர் கொடுத்த விலையில் அதையும் சேர்க்க வேண்டும்.

மார்ச் 10, இரவு 11.55

மார்ச் 5 அன்று வெளியே போய் நின்றேன் என்றேனே.

என் மகன் 1995-இல் வேவாக்கில் பிறந்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு டோக் பிசினில் வளர்ந்தான், பிரிஸ்பேனில் ஆங்கிலத்துக்கு மாறினான். நாங்கள் பேசும் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். உறவினர்கள் கேட்டால் இருபது ஆண்டுகளாக ஒரே பதில் வைத்திருக்கிறேன்: 'நாங்கள் தமிழில்தான் பேசினோம், அவனுக்கு வரவில்லை, பிடிவாதம்.' பிக்ஹெட். காசாளர் அம்மா சொன்ன அதே சொல்.

மார்ச் 11, காலை 7.20

நேற்றுக் குறிப்பை மனைவி படித்துவிட்டார். திருத்தம் சொல்கிறார், அப்படியே போடுகிறேன்: "'நாங்கள் தமிழில்தான் பேசினோம்' என்று எழுதாதீர்கள். நான் பேசினேன். நீங்கள் கடையிலிருந்து வந்ததும் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு டோக் பிசினில்தான் கொஞ்சுவீர்கள். அவன் சாப்பிட மறுத்தால் தமிழில் ஒரு தடவை கெஞ்சுவீர்கள். இரண்டாவது தடவை ஆங்கிலம். 'கம், சிட், ஈட்.' நாய்க்குச் சொல்வதுபோல."

எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருக்கிறது. அவர் நினைவோடு மோதி நான் ஜெயித்ததில்லை.

மார்ச் 11, மாலை 4.00

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் குலிக் பின்னாளில் கண்ட ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை தவறாகிவிடும்.

தாயப் தெரியாது என்று தாங்களும் சொல்லி, மற்றவர்களும் சொன்ன இளைஞர்களை அவர் தனித்தனியாகக் கூப்பிட்டு, தாயப்பில் ஒரு கதை சொல் என்றார். சொன்னார்கள்! திணறினார்கள், வினைகளைச் சுருக்கினார்கள், சிலவற்றைத் தவறாகக் கட்டினார்கள், ஆனால் கதை நின்றது. சிலர் சரளமாகவே சொன்னார்கள். ஊரில் யாருக்கும் இது தெரியாது. மொழி உள்ளே இருக்கிறது, வாய்க்கு வருவதில்லை. வந்தால் பெரியவர்கள் தவறு பிடிப்பார்கள், சிரிப்பார்கள். வெட்கம். அதற்குப் பேசாமலே இருந்துவிடலாம் என்று இருந்துவிடுகிறார்கள்.

ஆகவே மார்ச் 6 அன்று 'புரிய வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் டோக் பிசின்' என்று எழுதியது பாதிதான். பிள்ளைகளின் காதில் தாயப் விழாமல் இல்லை. நிறையவே விழுந்திருக்கிறது.

மார்ச் 14, இரவு 10.05

மூன்று நாள் யோசித்து இன்று மகனை அழைத்தேன். மெல்போர்னில் இருக்கிறான், 28 வயது. மனைவி சமையலறையில் இருந்த நேரம் பார்த்து, வேவாக்கில் நம் வீட்டுக்கு வந்துபோகும் அந்த நாயின் கதையைத் தமிழில் சொல் என்றேன். "ஏன் அப்பா?" என்றான். சும்மா என்றேன்.

சொன்னான். நாய் கடற்கரைக்குப் போனது, ஒருவன் வைத்திருந்த மீனை எடுத்தது, அவன் துரத்தினான், நாய் எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. சாக்சாக் கட்டு என்ற இடத்தில் டோக் பிசின் வந்தது, வேறென்ன சொல்ல முடியும். நான்கைந்து நிமிடம் ஓடியிருக்கும். நடுவே ஒரு ஆங்கிலச் சொல்லுக்காகத் தயங்கிவிட்டு, அதற்குத் தமிழ்ச் சொல்லை அவனே கண்டுபிடித்தான்.

பிறகு 'நாய் பயந்துவிட்டான்' என்றான். நான், 'பயந்துவிட்டது' என்றேன்.

"ஆமாம், பயந்துவிட்டது," என்றான். கொஞ்சம் மௌனம். அதற்குப் பிறகு பேச்சு ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. அலுவலகம், வாடகை, மழை. மீன்காரன் என்ன ஆனான் என்று நான் கேட்கவில்லை.